மருந்து அலமாரியின் சாவி யாரிடம்?

ஒரு காலம் போதைப் பழக்கத்தில் கிடந்து, சிகிச்சை பெற்று மீண்டு வந்த ஒருவர் நர்ஸ் வேலைக்குப் படிக்கலாமா? படித்து முடித்தால் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்வி இப்போது நமது சங்கத்தின் முன் வந்து நிற்கிறது. மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பம் ஒன்று தன் மகனை மூன்றாண்டு ஜெனரல் நர்சிங் படிப்பில் சேர்க்க விரும்புகிறது. பையனுக்கு இருபத்திரண்டு வயது. பதினெட்டு வயதில் போதை மாத்திரையிலும் பிறகு ஊசியிலும் விழுந்தவன். சிகிச்சை முடித்து இரண்டரை ஆண்டுகளாக எதையும் தொடாமல் இருக்கிறான். நர்சிங் பள்ளியில் கொடுப்பதற்குச் சங்கத்தின் நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்று அவனுடைய தாயார் விண்ணப்பித்திருக்கிறார். செயற்குழுவின் இரண்டு கூட்டங்களில் இது பற்றிக் காரசாரமாக விவாதம் நடந்தது, முடிவு ஏற்படவில்லை. படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் இதே பேச்சாக இருக்கிறது. ஆகவே நமது கருத்தை இந்தப் பக்கங்களில் ஒளிவுமறைவின்றி வைப்பது கடமை என்று நினைக்கிறோம். பையனின் பெயரையோ தெருவையோ எழுதப்போவதில்லை. ஊகிக்கிறவர்கள் தங்கள் ஊகத்தைத் தங்களோடு வைத்துக்கொள்ளட்டும்.

கடிதம் கொடுக்கலாகாது என்று வாதிட்ட தோழர்களை நாம் கல்நெஞ்சர் என்று சொல்லமாட்டோம். அவர்கள் கட்சியில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் முழுதாகச் சொல்லிவிடுவோம்.

ஆஸ்பத்திரி வார்டில் மார்ஃபின், பெத்திடின், ஃபென்டனில், பென்டசோசின் போன்ற வலிகொல்லி ஊசிகள் இருக்கின்றன. கடுமையான வகைகளை இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரியில் வைக்கிறார்கள். ஒவ்வொரு குப்பிக்கும் பதிவேட்டில் கணக்கு உண்டு. ஒரு நர்ஸ் எடுக்க, இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். குப்பியில் பாதி மிஞ்சினால் அதைக் கொட்டுவதற்கும் சாட்சி வேண்டும். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, ஒரு வார்டு முழுவதற்கும் ஒருவரோ இருவரோ விழித்திருக்கும்போது, சாட்சிக் கையெழுத்து காலையில்தான் விழுகிறது. சாவி நர்ஸின் கோட்டுப் பையில் இருக்கிறது. மனம் தளர்ந்த ஓர் இரவில் அந்தக் கை அலமாரிக்குப் போகாது என்று யார் உத்தரவாதம் தருவது? பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கலாமா என்று செயற்குழுவில் ஒரு தோழர் கேட்டார். அவருடைய தாயார் அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டில் கிடந்து வந்தவர். நோயாளிக்குப் போகவேண்டிய மருந்து வேறொருவர் நரம்பில் போய், நோயாளிக்கு வெறும் உப்புநீர் ஏறினால், அவர் வலியில் துடிப்பதை யாரும் நம்பக்கூட மாட்டார்கள். “ஊசி போட்டாச்சே, இன்னும் ஏன் கத்துறீங்க?” என்றுதான் கேட்பார்கள்.

ஆபத்து நோயாளிக்கு மட்டும் இல்லை. அபின் வகை மருந்தைப் பல மாதம் விட்டிருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. பழைய நினைப்பில் பழைய அளவை ஒரே ஒரு முறை ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். விட்டவர்கள் திரும்பத் தொடும் முதல் நாளே கடைசி நாளாகிவிடுவது அதனால்தான். அலமாரிக்கு அருகே அவனை நிறுத்துவது அவனுக்கே செய்யும் கொலை என்று ஒரு தோழியர் சொன்னதை நாம் இலேசாகத் தள்ளவில்லை.

இவை வெறும் பயம் என்று யாரும் சொல்லமுடியாத ஒரு வழக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எக்ஸிட்டர் ஆஸ்பத்திரி. அங்கே இருதயப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன், நோயாளிகளுக்காக எடுத்து வைத்த ஃபென்டனில் ஊசிகளைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே ஊசிக்குழலில் உப்புநீரை நிரப்பித் திரும்ப வைத்துவந்தார். அவருக்கு ஹெபடைட்டிஸ் சி நோய் இருந்தது. 2012-ல் விஷயம் வெளியே வந்தபோது, அவர் வேலை பார்த்த பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டியதாயிற்று. நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு அவரிடமிருந்து நோய் தொற்றியிருந்தது. 2013 டிசம்பரில் 39 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள்.

நமது எதிர்த்தரப்புத் தோழர்கள் இந்த வழக்கைத்தான் கையில் எடுத்துக்கொண்டு பேசினார்கள். நாமும் இதிலிருந்தே நமது வாதத்தைத் தொடங்குகிறோம். அந்த மனிதர் மீண்டு வந்தவர் என்று சொல்லி வேலையில் சேர்ந்தவரா? கிடையாது. தன் பழக்கத்தை ஒருநாளும் யாரிடமும் சொல்லாமல், அதைத் தொடர்ந்துகொண்டே வேலை பார்த்தவர். எக்ஸிட்டருக்கு முன்பே வேறு ஆஸ்பத்திரிகளில் சந்தேகத்தில் அகப்பட்டு வெளியேற்றப்பட்டவர். வெளியேற்றிய நிர்வாகங்கள் தங்கள் பெயர் கெடாமல் பார்த்துக்கொண்டன. ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சிகள் கமிஷனைப் பார்த்துக்கொண்டன. அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தார். உண்மையைச் சொல்பவனுக்கு நஷ்டமும் மறைப்பவனுக்கு லாபமும் இருக்கிற ஓர் ஏற்பாடு நாற்பது பேர் ரத்தத்தில் நோயை ஏற்றிய கதை இது.

இப்போது நமது ஊருக்கு வருவோம். “போதைப் பழக்கம் எப்போதாவது இருந்ததுண்டா?” என்று ஒரு விண்ணப்பத்தில் கேட்டு, “உண்டு” என்று எழுதுகிறவனுக்கெல்லாம் இடமில்லை என்று விதி செய்தால் என்ன நடக்கும்? மீண்டு வந்து, மனச்சாட்சி உறுத்தி, “உண்டு” என்று எழுதுகிற ஒருவன் வாசலிலேயே நின்றுவிடுவான். இன்றைக்கும் பழக்கத்தில் இருக்கிற இன்னொருவன் “இல்லை” என்று எழுதிவிட்டு உள்ளே போவான். நர்சிங் படிப்பில் சேர உடல் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அது எப்படிக் கிடைக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே! ரத்த அழுத்தம் பார்த்து, கண்ணைப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் கையெழுத்து. அந்தச் சான்றிதழ் பிடிக்காத ஆளை நாம் தாமாக முன்வந்து சொல்பவனை விரட்டிப் பிடித்துவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பல குடும்பங்கள் அறியாமலே மகனை வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு அழுகின்றன. ஆகவே இதைச் சற்று விரித்து எழுதுகிறோம். 1985-ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ம் பிரிவு, போதை உட்கொள்வதையே குற்றம் என்கிறது. மார்ஃபின், ஹெராயின், கொக்கைன் வகைக்கு ஓராண்டு வரை சிறையோ இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஒரு போதை நோயாளி, அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சைக்குப் போனால் அவர்மீது வழக்கு நடத்தக்கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது: மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்து, மனநோயாளியை உடல்நோயாளிக்குச் சமமாக நடத்தவேண்டும் என்று கட்டளையிடுகிறது. காச நோய் வந்து குணமானவனை நர்சிங் படிக்க விடுகிறோம். சட்டம் நோய் என்று ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து குணமானவனை மட்டும் எந்த நியாயத்தில் நிறுத்துவது?

பையனின் தாயார் இதையெல்லாம் படித்தவர் அல்ல. “காய்ச்சல் வந்து போனவனுக்கு ஒரு சட்டம், என் மகனுக்கு ஒரு சட்டமா?” என்று மட்டும் கேட்டார். சங்கத்தில் வக்கீல் தோழர் ஒருவர் இருந்தும் இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை.

அரசாங்கத்தின் பேச்சைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. கேரள அரசின் மது விற்பனைக் கழகம் 1984-ல் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் 1983-ல் ஏற்பட்டு, 2003-லிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. 1982 ஓணத்தின்போது நம் கண்ணெதிரே, அழிமுகத்துக்கு அக்கரையில் வைப்பினில், லைசென்ஸ் பெற்ற கடையிலேயே விஷச் சாராயம் விற்று எழுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலருக்குக் கண் போயிற்று. செத்தவர்களும் கண் இழந்தவர்களும் கூலிக்காரர்கள். ஒரு கையால் விற்றுக் கஜானாவை நிரப்பிக்கொண்டு, மறுகையால் 2016-ல் விமுக்தி மிஷன் என்று தொடங்கி மாவட்டந்தோறும் சிகிச்சை மையமும் வைக்கிறார்கள். மையங்கள் நல்லவை, வேண்டியவை. நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மையத்திலிருந்து குணமாகி வெளியே வருகிறவன் அடுத்த நாள் எந்த வாசலுக்குப் போவது என்று இவர்களில் யாராவது யோசித்தார்களா? சிகிச்சை முடிந்தவனுக்கு வேலையும் இல்லை, படிப்பும் இல்லை என்றால் அவனுக்குத் தெரிந்த பழைய சினேகிதர்கள் பஜார் ரோட்டு முனையில் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

வர்க்கம் பார்த்து விதி வளைவதையும் பேசாமல் இருக்க முடியாது. இன்று உலகத்து அறுவைச் சிகிச்சை அரங்குகளில் எல்லாம் ரப்பர் கையுறை போடுகிறார்கள். அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் வில்லியம் ஹால்ஸ்டெட். கிருமிநாசினி பட்டுத் தன் அரங்கு நர்ஸின் கை புண்ணானதைப் பார்த்து, 1889–90-ல் குட்இயர் கம்பெனியிடம் சொல்லிக் கையுறை செய்வித்தார். பின்னால் அந்த நர்ஸையே மணந்துகொண்டார் என்பது கதையின் இனிப்பான பகுதி. கசப்பான பகுதி: மரத்துப்போகும் மருந்தாகக் கொக்கைனைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து 1880-களின் நடுவில் அதற்கு அடிமையானார், மனநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அங்கிருந்து மார்ஃபின் பழக்கத்தோடு வெளியே வந்தார். 1892-ல் அறுவைச் சிகிச்சைத் துறையின் முதல் பேராசிரியராக அவரை உட்கார வைத்தார்கள். 1922-ல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். விஷயம் தெரிந்த சக டாக்டர் வில்லியம் ஆஸ்லர் எழுதி வைத்த ரகசியக் குறிப்பு 1969-ல்தான் திறக்கப்பட்டது. பெரிய டாக்டருக்கு நாற்பது வருஷம் உலகமே வாய் மூடிக் காவல் நின்றது!

இன்னொருவர், ஓஹியோ மாநிலத்தின் அக்ரான் நகரத்து டாக்டர் பாப் ஸ்மித். குடியில் மூழ்கிய அறுவைச் சிகிச்சை நிபுணர். 1935 ஜூனில் கடைசிக் கோப்பையை வைத்துவிட்டு, ஒரு நண்பரோடு சேர்ந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கினார். டாக்டர் தொழிலை விடவில்லை. யாரும் விடச் சொல்லவுமில்லை. அதே நகரத்தின் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீயின் துணையோடு, ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளைக் காசு வாங்காமல் பார்த்தார். டாக்டர்களை நாம் குறை சொல்ல இதை எழுதவில்லை. மீண்ட டாக்டர் பத்தாயிரம் பேருக்கு வெளிச்சம் என்றால், மீண்ட சலவைத் தொழிலாளி மகன் ஏன் வார்டுக்கு ஆகாதவன் என்பதுதான் நமது கேள்வி.

சமரசம் பேசிய தோழர்களும் உண்டு. “அவனுக்கு உதவத்தான் வேண்டும், ஆனால் நர்ஸ் வேண்டாம், போதை மீட்பு நிலையத்தில் ஆலோசகராகப் போகட்டும்” என்றார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தம் கணவரைக் குடியால் இழந்தபின் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் நிறுவனம் முதல், மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் உதவி பெறும் நிலையங்கள் வரை, நோயாளிக்குத் தைரியம் சொல்ல நோயைக் கடந்தவனைப் போன்ற ஆள் இல்லை என்பதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். மத்திய அரசின் திட்டத்தில் மீண்டவர்களுக்கென்றே சக வழிகாட்டி என்று ஒரு பணியும் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்தப் பணியில் கிடைப்பது சொற்பத் தொகை. மானியம் நின்றால் வேலையும் நின்றுபோகும். “முன்னாள் போதைக்காரன்” என்ற அடையாளத்தையே ஆயுளுக்கும் அவன் தொழிலாக ஆக்கிவிடுவதும் ஒருவகைச் சிறைதான். நர்சிங் என்பது கவுன்சிலில் பதிவாகும் தொழில். பதிவு எண் இருந்தால் கொச்சியிலும் வேலை, கோயம்புத்தூரிலும் வேலை. கேரளத்து ஏழைக் குடும்பங்கள் இரண்டு தலைமுறையாக ஏறிய ஏணி அது. நம்மவர் பிள்ளைகள் இப்போதுதான் அதன் முதல் படியில் கால் வைக்கிறார்கள்.

அதற்காக, பட்டவன் என்பதாலேயே அவன் நல்ல நர்ஸ் ஆகிவிடுவான் என்று நாம் கதை கட்டவில்லை. கை சுத்தமும் கணக்குச் சுத்தமும் பொறுமையும் வேண்டும். உடற்கூறும் மருந்தியலும் படித்துத் தேறவேண்டும். அதில் தவறினால் மற்ற எந்த மாணவனையும்போல அவனும் வெளியே போகட்டும்.

மட்டாஞ்சேரியின் பழைய தொழிலாளிகளிடம் “சாப்பா” என்று சொன்னால் முகம் மாறும். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குக் கங்காணி ஓர் உலோக வில்லையைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். அடித்துப் புரண்டு அதைப் பிடித்தவனுக்கு அன்றைய கூலி. பிடிக்காதவன் வீட்டில் அன்று உலை வைப்பதில்லை. அதை எதிர்த்து 1953-ல் நடந்த வேலைநிறுத்தம் எழுபத்தைந்து நாள் நீடித்தது. செப்டம்பர் 15-ம் தேதி போலீஸ் சுட்டதில் சைதுவும் சைதலவியும் விழுந்தார்கள்; போலீஸ் அடியில் ஆண்டனி உயிர் விட்டார். வேலை என்பது யாரோ ஒருவனின் மனப்போக்குக்கு வீசி எறியும் வில்லையாக இருக்கக்கூடாது, எழுதிய விதிப்படி கிடைக்கவேண்டும் என்பதற்குத்தான் அந்த உயிர்கள் போயின. இன்று ஒரு நர்சிங் பள்ளியின் அலுவலகத்தில் ஒருவர் பையனின் முகத்தைப் பார்த்து, “இவன் பழைய கேஸ்” என்று காதில் விழுந்ததை வைத்து ஃபாரத்தை ஒதுக்கிவிட்டால், அதற்கு எந்த விதி இருக்கிறது? எதை நிரூபித்தால் சேரலாம் என்று யாராவது எழுதித் தருவார்களா? 1950-க்கு முன்பே நம் பாட்டன் இந்த மண்ணில் இருந்தானா என்று ஜாதிச் சான்றிதழுக்குக் காகிதம் கேட்கிற நாடு இது. எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. திருந்தியதற்கு மட்டும் காகிதம் கிடையாது.

எழுதிய விதி எப்படி இருக்கலாம் என்பதற்கு வெளியே முன்மாதிரி உண்டு. அமெரிக்க நர்சுகள் சங்கம் 1982-லேயே, போதையில் விழுந்த நர்ஸுக்குத் தண்டனைக்கு முன் சிகிச்சை என்ற தீர்மானத்தை ஏற்றது. மறு ஆண்டு, 1983-ல், ஃபுளோரிடா மாநிலம் அதற்கென்று சட்டப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது. பழக்கத்தில் விழுந்த நர்ஸ் தாமே வந்து சொல்லலாம். சக ஊழியரும் தெரிவிக்கலாம். வேலையை நிறுத்திச் சிகிச்சை. பிறகு பல ஆண்டுக்கு ஒப்பந்தம்: முன்னறிவிப்பின்றி எந்த நாளிலும் சிறுநீர்ச் சோதனை, மேற்பார்வையாளரின் அறிக்கை, திரும்ப வேலைக்கு வந்த தொடக்க காலத்தில் கடும் மருந்துகளைக் கையாள அனுமதி இல்லை. ஒப்பந்தத்தை மீறினால் விஷயம் நர்சிங் போர்டுக்குப் போய்விடும். கவனியுங்கள்: இதில் யாரையும் நம்பச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஏனென்றால் வெளியிலிருந்து வருகிற மாணவனை மட்டும் தடுத்துவிட்டால் அலமாரி பத்திரமாகிவிடும் என்பது பொய். வேலையிலேயே பழக்கம் பிடிக்கிறவர்கள் உண்டு. இடுப்பு வலிக்கு ஒரு ஊசி, பகல் தூக்கம் வர ஒரு மாத்திரை, அடுத்தடுத்த இரவு டூட்டி. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்தவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கிறது. 2011–12-ல் கேரளத்துத் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் தெருவுக்கு வந்தார்களே, ஏன்? சொற்பச் சம்பளம், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலான வேலை, பிடித்து வைத்துக்கொண்ட சான்றிதழ்கள். போராடிப் போராடி, 2018-ல்தான் மாதம் இருபதாயிரம் ரூபாய் அடிப்படை ஊதியம் என்ற அரசு அறிவிக்கை வந்தது. பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அதை இரவில் எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் எண்ணிக்கையின் லட்சணம். இரவில் இரண்டாவது நர்ஸ் இருந்தால் சாட்சிக் கையெழுத்து அந்த நிமிடமே விழும். அலமாரிக்கு உண்மையான பூட்டு அந்த இரண்டாவது நர்ஸ்தான். அவருக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாத முதலாளிகள் மாணவனின் பூர்வ கதையை விசாரிக்கிறார்கள்.

பயத்தில் போட்ட விதி என்ன செய்யும் என்பதை நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1985 சட்டம் வந்த பிறகு லைசென்ஸுகளுக்கும் தண்டனைக்கும் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டன. வருஷத்துக்குப் பல நூறு கிலோ செலவான மருந்து, 1990-களின் கடைசியில் இருபது கிலோவுக்கும் கீழே இறங்கியது. உலகத்துக்கே அபின் விளைவித்துக் கொடுத்த நாட்டில் புற்றுநோயாளிகள் வலியில் கதறிச் செத்தார்கள். போதைக்காரர்களோ குறையவில்லை. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் தோழர்களும் வலி தணிப்பு இயக்கத்தைத் தொடங்கி, கணக்கோடும் காவலோடும் மார்ஃபினை ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோகலாம் என்று காட்டினார்கள். கேரள அரசு 2008-ல் அதைக் கொள்கையாக ஏற்றது; 2014-ல் மத்தியச் சட்டமும் திருந்தியது. இன்று பாலியேட்டிவ் நர்ஸ் நம் சந்துகளுக்குள்ளும் வருகிறார். பூட்டி வைப்பதை விடக் கணக்கு வைப்பது மேல் என்று அந்த இருபது வருஷ அனுபவம் சொல்கிறது.

ஆகவே நமது நிலை இது. இன்றும் பழக்கத்தில் இருப்பவனுக்கு வார்டில் இடமில்லை. இதில் தயவு தாட்சண்யம் கூடாது. சிகிச்சை முடிந்து ஓராண்டுகூட ஆகாதவன் பொறுத்திருக்கட்டும். முதல் ஆண்டில்தான் திரும்ப விழுவது அதிகம். நம் கணக்கில் இரண்டு ஆண்டு என்று வைக்கலாம். அதைத் தாண்டியவன், சிகிச்சை தந்த டாக்டரின் சான்றோடு, திடீர்ச் சோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும். படிக்கும் மூன்று ஆண்டும், பதிவு பெற்றபின் முதல் இரண்டு ஆண்டும் சாவியை அவனிடம் கொடுக்கவேண்டாம். தனியாக இரவு டூட்டியும் வேண்டாம். ஒரு முறை சோதனையில் அகப்பட்டால் வேலையிலிருந்து விலக்கிச் சிகிச்சைக்கு அனுப்பவேண்டும். திருடி நோயாளியை வஞ்சித்தால் போலீஸுக்கு. டாக்டர் கூறும் அளவில் தினசரி மாற்று மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் விஷயத்தை டாக்டர்கள் தீர்மானிக்கட்டும். நாம் நாட்டு வைத்தியம் பேசவேண்டியதில்லை. இந்த விதி நர்ஸுக்கு என்றால் டாக்டருக்கும் அதுவே. திருவிதாங்கூர்–கொச்சி நர்சுகள் மருத்துவச்சிகள் சட்டம் 1953-ம் வருஷத்தது. தவறு செய்தவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க அதில் அதிகாரம் இருக்கிறது. மீண்டவரைச் சேர்ப்பதற்கும் கண்காணிப்பதற்கும் கவுன்சில் பகிரங்கமாக ஒரு விதி எழுதவேண்டும் என்று மனுக் கொடுக்கப்போகிறோம். நர்சுகள் சங்கத் தோழர்களையும் அதில் கையெழுத்திடக் கேட்போம்.

பையனிடமும் சில விஷயங்களைச் சொல்லியாகவேண்டும். வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போக நினைப்பவர்களிடம் போலீஸ் சான்றிதழும் உடல்நிலை பற்றிய வாக்குமூலமும் கேட்கிறார்கள். அங்கே ஏஜென்ட் சொல்கிறான் என்று பொய் எழுதினால், பிற்பாடு வெளிப்படும் நாளில் பதிவே போய்விடும். கப்பல் கனவை ஐந்தாறு வருஷம் தள்ளி வைத்துவிட்டு இங்கேயே வேலை பார்ப்பது உத்தமம். இதைக் கேட்டுக்கொண்ட பின்னும் அவன் படிக்கத்தான் வேண்டும் என்கிறான்.

சங்கக் கடிதத்தில் என்ன எழுதுவது என்பதற்கு ஒரு வரைவு தயாராக இருக்கிறது. “நல்லவன், ஒழுக்கமானவன்” என்ற வழக்கமான வாசகம் அதில் இல்லை. எந்தத் தேதியில் சிகிச்சை முடிந்தது, அதற்குப்பின் எங்கே வேலை பார்த்தான், யார் யார் அவனைத் தினமும் பார்க்கிறவர்கள், எந்தச் சோதனைக்கும் சம்மதம் என்று அவன் எழுதிக் கொடுத்திருப்பது ஆகியவை மட்டும் இருக்கின்றன. அவனுடைய சம்மதம் இல்லாமல் கடிதம் யார் கைக்கும் போகாது. அடுத்த செயற்குழுவில் இந்த வரைவு ஓட்டுக்கு வருகிறது. எதிர்க்கும் தோழர்கள் தங்கள் மறுப்பை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதிப் படிப்பகத்தில் கொடுக்கலாம். பையனின் அடையாளம் இல்லாதவரை ஒரு வரி குறைக்காமல் அடுத்த இதழில் வெளியிடுவோம்.